திரையைப் பார்க்காதவள்

என் அக்கா பத்தொன்பது வருடமாகத் திரைப்பட விழாவில் வேலை செய்கிறாள். இதுவரை ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. படம் ஓட்டுகிற அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான்தான், ஆகவே என்னை நம்பலாம்.

அவள் வேலை வரி தள்ளுவது. வெளிநாட்டுப் படம் ஓடும்போது கீழே நம் மொழியில் வசனம் வருமே, அதைப் பெரிய கம்பெனிக்காரர்கள் படத்தோடு சேர்த்து ஒட்டியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் விழாவுக்கு வருகிறவை, எந்தக் கம்பெனியும் இல்லாமல் தனியாளாகப் படம் எடுக்கிறவர்களின் படங்கள். அவர்களிடம் படம் இருக்கும், வேறு எதுவும் இருக்காது. அதனால் வசனத்தை மொழிபெயர்ப்பாளர் தனியாக எழுதித் தருவார். திரைக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்புப் பட்டை மாட்டியிருக்கும். படத்தில் ஒருவர் பேச ஆரம்பித்ததும் அக்கா பொத்தானை ஒரு தட்டு தட்டுவாள், பட்டையில் வரி வரும். அடுத்தவர் பேசினால் அடுத்த தட்டு. படம் முடிகிறவரை இதுதான்.

அந்த மொழிகள் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. காதுதான் கணக்கு. தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த மொழியில் முதல் சொல் எப்படிக் காதில் விழும் என்று நம் எழுத்தில் எழுதியிருக்கும். முதல் நாள் ஒத்திகையில் படத்தை ஒருமுறை ஓடவிட்டு, அக்கா பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வாள். கதவு, இருமல், நாய், மறுபடி நாய். உலக சினிமாவில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். கண் தாளை விட்டு நகராது.

"கதையைக் கவனிச்சா கை நின்னுடும்டா" என்பாள்.

இது அவள் பழைய வேலையில் கற்றுக்கொண்ட பாடம். முன்பு நீதிமன்றத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சாட்சி சொல்வதை அப்படியே அடிக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு பெண் தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல, அக்கா நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு பதினாலு வருடம் யார் குடி கெட்டாலும் அவள் கை நிற்கவில்லை. ஒரு சொல் கூடாமல் குறையாமல் அடித்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. விழாவுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு வரி பிசகியதில்லை. நான் படம் ஓட்டுகிறவன், இரண்டு தடவை தலைகீழாக ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவை யாருமே சொல்லவில்லை.

இப்போது எனக்கும் பெரிதாக வேலை இல்லை. இயந்திரத்தில் ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் படம் ஓடும், முடிந்தால் நிற்கும். நடுவில் உட்கார்ந்து படம் பார்க்கிறேன். அதை வேலை என்றுதான் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு படத்தில் ஒருத்தர் ஐம்பது நிமிடம் சுவருக்கு வெள்ளையடித்தார். என் வீட்டுச் சுவர் மூன்று வருடமாக அப்படியே கிடக்கிறது, அதை யாரும் படமெடுக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே மகன். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். தனியாளாக வளர்த்தாள். ஆறு வருடம் முன்பு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்காணாத தேசத்துக்குப் போனான். பெயர் என்னவோ இருக்கிறது, நான் துரை என்றுதான் சொல்வேன். துரை ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். அக்கா மூன்று கேள்வி கேட்பாள். சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டுக்கறியா, எப்ப வருவே. துரையும் மூன்று பதில் சொல்வார். ஆச்சும்மா, ம், தெரியலம்மா. பிறகு "வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்." மொத்தம் நாலு நிமிடம். முகத்தைப் பார்த்துப் பேச வசதி இருக்கிறதே என்றால் அங்கே நெட் சரியில்லையாம். அவன் வேலை செய்வதே நெட்டை ஊருக்கெல்லாம் கொடுக்கிற கம்பெனியில். நான் இதைச் சொன்னால் அக்கா நாலு நாள் என்னோடு பேசமாட்டாள், அதனால் சொல்வதில்லை.

இந்த வருட விழாவில் வியாழக்கிழமை பகல் காட்சிக்கு ஒரு படம். எடுத்தவர் நாற்பது வயதுக்காரர். அவர் ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். விடுமுறை நாளில் மட்டும் படம்பிடித்து, ஏழு வருடத்தில் முடித்திருக்கிறார். மகனாக அவரே நடித்திருந்தார். அம்மாவாக நடித்தது அவருடைய சொந்த அம்மா. அந்த அம்மா விழாவுக்கு வரவில்லை. வீட்டில் குழாய் ரிப்பேருக்கு ஆள் வருகிறானாம், ஆறு மாதமாகச் சொல்லி இப்போதுதான் நாள் கொடுத்தானாம். நியாயமான காரணம்தான்.

விழாவில் முதல் பரிசு வாங்குகிற படத்தைப் பன்னிரண்டு நாடுகளில் திரையிடுவார்கள், அந்த இயக்குநரின் அடுத்த படத்துக்கும் விழாவே பொறுப்பேற்கும். பஸ் டிரைவருக்கு அது கிடைத்தால் அடுத்த படத்துக்கு ஏழு வருடம் ஆகாது. ஸ்டியரிங்கை விட்டுவிடலாம். ஒத்திகைக்கு வந்தபோது பதற்றத்தில் அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் மொழியும் நம் மொழியும் தெரிந்த ஒரே ஆள், கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள். வசனங்களை நம் மொழியில் எழுதியதும் அவர்தான்.

"மொத்தம் முந்நூத்தி நாப்பத்தோரு வரி" என்று தாளைக் கொடுத்தார். "பட்டையில இடம் கம்மி இல்லையா, அதனால 'அம்மா', 'கண்ணு'ன்னு கூப்பிடறதையெல்லாம் வெட்டிட்டேன்."

"நல்லது" என்றாள் அக்கா. நானும் அப்போது அதை நல்லது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் படத்தின் நடுவில் ஒரு சமையலறைக் காட்சி. மகன் வெளியூர் கிளம்புகிற காலை. ஒரே இடத்தில் கேமராவை வைத்து எடுத்தது. அம்மா ஒரு வரி, மகன் ஒரு வரி, மறுபடி அம்மா, மறுபடி மகன், இப்படியே நாற்பத்தாறு வரி. அக்கா தட்டிக்கொண்டே வந்தாள். அந்தக் காட்சியின் முதல் வரிக்கு அம்மா வாயைத் திறந்தாள். அக்கா தட்டினாள். பட்டையில் வந்த வரி அவள் கண் முன்னால் தாளிலும் இருந்தது: "ஸ்வெட்டர் எடுத்து வெச்சியா?"

அக்கா தலையை நிமிர்த்தினாள்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை அவள் திரையைப் பார்த்தாள். ஏன் பார்த்தாய் என்று பிற்பாடு கேட்டேன். "அந்தக் கேள்வியைக் கேட்டா பையன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பார்க்கணும்போல இருந்துச்சுடா" என்றாள். மகன் பதில் சொன்னான். அக்காவின் விரல் தட்டவில்லை. அடுத்து அம்மா பேசியபோதுதான் விரல் அசைந்தது. காது பழக்கத்தில் தானாகத் தட்டிக்கொண்டு போயிற்று, கண் மட்டும் திரையிலேயே இருந்தது.

ஒரு தட்டு தவறினால் என்ன ஆகும்? எல்லா வரியும் ஒரு ஆள் தள்ளி வரும். மகன் சொன்னது அம்மா வாயசைக்கும்போது வரும், அம்மா கேட்டது மகன் வாயசைக்கும்போது வரும். 'அம்மா', 'கண்ணு' எல்லாம் வெட்டியாகிவிட்டதால் எது யார் வசனம் என்று பிடிக்கவும் வழியில்லை. அரங்கில் இருந்தவர்கள் பார்த்தது இதுதான். பெட்டியும் கையுமாக நிற்கிற மகன் கேட்கிறான்: "எப்ப வருவே?" அடுப்படியில் நிற்கிற அம்மா சொல்கிறாள்: "தெரியல. காத்துட்டு இருக்காதே." மகன்: "நான் தனியா என்ன பண்ணுவேன்?" அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே: "பழகிடும்."

நீ பக்கத்தில் இருந்து என்ன வெட்டி முறித்தாய், சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இந்த மாதிரிப் படங்களில் எது தப்பு, எது கலை என்று எனக்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை. நான் அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படம் என்றுகூடத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றியதே ஏதோ பிசகு என்பதற்கு அடையாளம், அது அப்போது உறைக்கவில்லை.

படத்தில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா தாளைப் பார்த்தாள். கதவு என்று குறித்த இடத்துக்கு முன்னால் ஒரு வரி மிச்சம் இருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. மிச்ச வரியை யாரும் பேசாத இடத்தில் சட்டென்று தள்ளிவிட்டு அடுத்த காட்சியைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரை தலை நிமிரவில்லை.

விளக்கைப் போட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெண்மணி மூக்கைச் சிந்தினார். பிறகு கைதட்டினார்கள் பாருங்கள், எங்கள் அரங்கில் அவ்வளவு நேரம் தட்டி நான் கேட்டதில்லை. பஸ் டிரைவர் எழுந்து நின்று எல்லாத் திசையிலும் கும்பிட்டார். பட்டையில் என்ன ஓடியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு நம் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள் அந்த நேரம் பல் வலிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை விழாச் செயலாளர் எங்கள் அறைக்கு வந்தார். வந்தவர் கதவைச் சாத்தினார். ரகசியம் இருந்தால் மட்டும் அவர் கதவைச் சாத்துவார், சாத்திவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார்.

"நடுவர்கள் மூணு பேரும் ஒரே மனசா முடிவு பண்ணிட்டாங்க. பஸ் டிரைவருக்குத்தான் முதல் பரிசு. என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க" என்று ஒரு தாளை வாசித்தார். "பெட்டி மகனின் கையில் இருக்கிறது, பயணமோ தாயுடையது. விட்டுப் போகிறவனே கைவிடப்பட்டவனாக மாறும் அந்தச் சமையலறைக் காட்சி..."

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், அது நான் பண்ணின தப்பு. ஒரு வரி தள்ளிப் போயிடுச்சு."

செயலாளர் கேட்டார். தாளை மடித்தார். மறுபடி பிரித்துப் பார்த்தார், அதில் எழுதியிருந்தது மாறவில்லை.

"மேடம், இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்க தம்பிக்குத் தெரியும். நாலாவது ஆளுக்கு எதுக்கு? அந்த மனுஷன் ஏழு வருஷம் கஷ்டப்பட்டிருக்கார். அவர் வாயில மண்ணைப் போடாதீங்க."

எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது. "அக்கா, விட்டுடு. யாருக்கு நஷ்டம்?" என்றேன்.

"அந்த அம்மா சொல்லாததைச் சொன்னதா நான் எழுதிக் காட்டியிருக்கேன்டா" என்றாள். "கோர்ட்ல இப்படி அடிச்சிருந்தா ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிருப்பான்."

"இங்க பரிசுக்குத்தானே போறான்!"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கால் மணி நேரம் அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சொன்னால் அவர் பரிசு போகும், சொல்லாவிட்டால் தன் நிம்மதி போகும். என் நிம்மதி அவள் நடந்த நடையிலேயே போய்விட்டது. கடைசியில் வசனத் தாளை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

பஸ் டிரைவர் நடைபாதையில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா மொழிபெயர்ப்பாளர் அம்மாளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நடந்ததை முழுதாகச் சொன்னாள். அந்த அம்மாள் வீங்கின கன்னத்தோடு சொல்லச் சொல்ல அவர் குழாயை மூட மறந்துவிட்டார். டம்ளர் நிரம்பி வழிந்தது. நான் போய் மூடினேன்.

"எப்படி வந்துச்சோ அப்படியே படிச்சுக் காட்டச் சொல்றார்" என்றார் மொழிபெயர்ப்பாளர் அம்மாள். நாற்பத்தாறு வரியையும் ஆள் மாற்றி, அவர் மொழியில் படித்துக் காட்டினார். பஸ் டிரைவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு போனை எடுத்தார். யாருக்கு என்றால், அவர் அம்மாவுக்கு. எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. குழாய்க்காரன் வந்துவிட்டான் போல.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு அதட்டல் கேட்டது, சுத்தியல் நின்றது. பிறகு அந்த அம்மா படபடவென்று ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பாளர் அம்மாள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்.

"நீ அந்த வசனத்தை எழுதினப்பவே சொன்னேனா இல்லையா? எப்பவும் நான்தான் கேக்கணுமா, ஒரு தடவை நீ கேளேன்டான்னு சொன்னேன். டைரக்டர் நானா நீயான்னு சத்தம் போட்டே. இப்ப பாரு, முன்னப் பின்ன தெரியாத ஒருத்தி சரி பண்ணியிருக்கா."

"அம்மா, இதைச் சொன்னா பரிசு போயிடும்."

"போனாப் போகட்டும். சொல்லாத வசனத்துக்குப் பரிசு வாங்கிட்டு என் வீட்டுக்குள்ள வராதே. அப்புறம் அந்தப் பொண்ணைத் திட்டாதே. அவளுக்கும் வெளியூர்ல பிள்ளை இருப்பான், கேட்டுப் பாரு."

மொழிபெயர்ப்பாளர் அம்மாள் கேட்டார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ் டிரைவர் நேராக நடுவர்கள் அறைக்குப் போனார். செயலாளர் தலையில் அடித்துக்கொண்டதை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல்.

மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றார்கள் நடுவர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்த அரங்கில் படம் ஓடியது. அக்கா நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். முந்நூற்று நாற்பத்தொரு தட்டு. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. "எப்ப வருவே?" என்று அம்மாவே கேட்டாள். "தெரியல. காத்துட்டு இருக்காதே" என்று மகனே சொன்னான். எத்தனையோ பேர் கேட்டு எத்தனையோ பேர் சொன்னதுதான். நடுவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாலையில் முதல் பரிசு ஓர் ஏரியைப் பற்றிய படத்துக்குப் போயிற்று. இரண்டே முக்கால் மணி நேரம், ஏரி மட்டும். அதற்கு அக்கா தட்டவே தேவையிருக்கவில்லை. பஸ் டிரைவருக்குப் பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது.

அக்கா அறையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். "நான்தான்டா அவர் வாயில மண்ணைப் போட்டேன். தப்பும் நான் பண்ணினேன், அதைச் சொல்லியும் கெடுத்தேன்" என்றாள். நான் இயந்திரத்தைத் துணியால் துடைத்தேன், அதில் தூசி ஒன்றும் இல்லை.

கதவைத் தட்டினார்கள். பஸ் டிரைவரும் மொழிபெயர்ப்பாளர் அம்மாளும். அவர் நிறையப் பேசினார். அந்த அம்மாள் சுருக்கமாகச் சொன்னார். "அடுத்த விடுமுறையில அந்தச் சமையலறைக் காட்சியை அம்மாவை வெச்சு மறுபடி எடுக்கப்போறாராம். ஆள் மாத்தி. அம்மா ஒத்துக்கிட்டாங்களாம். குழாய் மட்டும் மறுபடி ஒழுகுதாம்." பிறகு அவர் அக்காவிடம் ஏதோ தயங்கிக் கேட்டார். "அந்தப் படம் இங்க வந்தா நீங்கதான் தள்ளணுமாம்."

"எத்தனை வரி?" என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் ஞாயிறு. நான் அக்கா வீட்டில் ஜன்னல் கொக்கியை முடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குப் போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா" என்றார் துரை. பிறகு வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தார்.

அக்கா ஒரு போர்வையை நாலாக மடித்தாள். கேட்கவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா. நல்லா இருக்கேன்."

அடுத்த துணியை எடுத்தாள். நான் கொக்கியை விட்டுவிட்டேன்.

"சாப்பிட்டியாம்மா?" என்றான் அவன். ஆறு வருடத்தில் அந்தப் பக்கமிருந்து அந்தக் கேள்வி வந்து நான் கேட்டதில்லை.

"ஆச்சு. வேலை இருக்குப்பா. அப்புறம் பேசறேன்."

"ஞாயித்துக்கிழமை என்னம்மா வேலை? எப்ப கூப்பிடட்டும்?"

"தெரியல. காத்துட்டு இருக்காதே" என்று அணைத்துவிட்டாள்.

"ரொம்பப் பண்ணிட்டேனாடா?" என்று என்னைக் கேட்டாள். போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போன் மறுபடி அடித்தது, சத்தம் வேறு மாதிரி இருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"மூஞ்சியைக் காட்டற கால்டா இது" என்றாள். "இதை எங்க தட்டணும்?"

காட்டினேன். தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவன் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தான், அவள் அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.